பத்து நாற்பதுக்குத் திடீர்ச் சிரிப்பு

அத்தியாயம் 32

கீழே வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் வலது கண் மேல் ஆணை. புரை எடுத்த கண் அதுதான்; இடது கண்ணின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

முப்பத்தொரு வாரமாக இந்தத் தொடரை எழுதுகிறேன். ஒரு பொய் எழுதியதில்லை, ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. வெள்ளி மதியம் மூன்று மணிக்குள் அத்தியாயம் ஆசிரியர் கையில் இருக்கும். இரண்டுக்கும் அவரே சாட்சி.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று கடல் தாண்டி மகள் வீட்டுக்கு வந்தவன் நான். இது நாலாவது வருடம். மகள் ஒரு பட்டறையில் பல் செட் செய்கிறவள். முன்பின் பார்க்காத மனிதர்களின் வாய்க்கு மெழுகில் பல் செதுக்கி, பதினாறு வெள்ளைகளில் எந்த வெள்ளை பொருந்தும் என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வாள். என் மேல்வரிசை அவள் செய்தது. மாற்றுக்கு இன்னொன்றும் செய்து தந்திருக்கிறாள். அது என் கோட்டுப் பையிலேயே குடியிருக்கிறது.

மாப்பிள்ளை பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவர். இந்த ஊரில் எந்த பஸ் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், கதவு மூட எத்தனை விநாடி, கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் மூச்சு விட எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அவர் போடுகிற கோடு. அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் தொடர்கதை எழுதப் போகிறேன்? வீட்டுக்கும் கோடு போட்டார்.

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அதில் ஆளுக்கொரு நிறத்தில் கட்டம். மகள் மஞ்சள். மாப்பிள்ளை நீலம். நான் சாம்பல். என் கட்டங்களில் ‘குளியல்’, ‘நடை’, ‘கால் நகம்’ என்று எழுதியிருக்கும். மனிதர் தூக்கத்தில் புரண்டு படுப்பதுகூட இரண்டேகால் மணிக்குத்தான். அவர் வேலையாக வெளியூர் போன வாரம் எங்கள் சுவர்க்கடிகாரம் வழி தெரியாமல் ஒன்பது நிமிடம் பின்தங்கிப்போனது. திரும்பி வந்து அதை ஒரு பார்வை பார்த்தார். சரியாகிவிட்டது.

ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார்: ‘மாப்பிள்ளையிடம் ஒரு நல்ல குணம்கூடவா இல்லை?’

அம்மா, நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் விட்ட இடம் எங்கள் சமையலறை. செவ்வாய்க்கிழமை. மகள் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நாலு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு நகரம். அங்கே ஒரு பல் பட்டறை. அதற்கு அவள்தான் பொறுப்பு. வருகிறாளா இல்லையா என்று அடுத்த வாரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் செய்தி அனுப்ப வேண்டும்.

“மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னா என்ன பண்ணுவார்னு தெரியாதாப்பா? ஒரு தாள் எடுப்பார். நடுவுல கோடு போடுவார். போனா என்ன நல்லது, போகாட்டி என்ன நல்லது. கடைசியில கூட்டிக் கழிச்சு, ‘நீ போகலாம்’னு எனக்கு ஒரு துண்டுச்சீட்டு குடுப்பார்.”

“குடுத்தா வாங்கிக்கோயேன்.”

“எட்டு வருஷமா நான் இவரோட குடித்தனம் பண்ணலப்பா. ஒரு மஞ்சள் கட்டத்துக்குள்ள குடியிருக்கேன்.” கண்ணைத் துடைக்கவில்லை. நகக்கண்ணில் ஒட்டியிருந்த, பல் அச்சு வார்க்கிற சாந்துத் துணுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். “ஒரே ஒரு தடவை, எழுதி வெக்காம, யோசிக்காம, எனக்காக ஒரு காரியம் செய்யட்டும். போதும். வேலை வேண்டாம்னு அனுப்பிடறேன். இல்லாட்டி சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வரேன்னு அனுப்பிடுவேன். தனியாத்தான் போவேன்.”

சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பென்சிலை எடுத்து, காலண்டரில் சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். கொசு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இதுதான் கதை. தண்ணீர் குடிக்கப் போனவர்கள் வரலாம்.

சனிக்கிழமை.

காலை ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு அழைப்புமணி அடித்தது. வாசலில் கண்ணாடியம்மாவும் அவள் புருஷனும்.

கண்ணாடியம்மா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எதிரே இருப்பவனை ஓர் இருட்டறையில் உட்கார வைத்து ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டுக் கேட்டு, தனக்கு எல்லாமே தெளிவு என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். புருஷன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரர். வீடு வீடாகப் போய்ச் சில்லிட்ட பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற மனிதர், வெளியே பேசுவதை அநேகமாக விட்டுவிட்டார். சொந்தபந்தம் இல்லாத ஊரில் எங்களுக்கு நண்பர்கள் என்று வாய்த்தவர்கள் இவர்கள் இருவரும்தான். வேறு யாராவது வாய்த்திருந்தால் இவர்களைப் பற்றி எழுத வேண்டியிருக்காது.

இந்த அம்மாள் ஆறு வாரம் ஏதோ வகுப்புக்குப் போய்வந்தாள். திட்டம் போடாமல் வாழ்வது எப்படி என்று அங்கே சொல்லித் தந்தார்களாம். ஆறு வாரம், வாரம் இரண்டு நாள், மாலை ஆறிலிருந்து ஏழரை வரை. வீட்டுப்பாடம் உண்டு.

அதன் விளைவாக மூன்று வாரத்துக்கு முன்பே எங்களுக்குச் செய்தி வந்தது. ‘சனிக்கிழமை காலை சரியாகப் பத்து மணி. அன்றைக்கு எல்லாமே திடீர். யாரும் எதுவும் யோசித்துக்கொண்டு வரக் கூடாது. குடை, மாற்றுத்துணி, தண்ணீர் பாட்டில் கட்டாயம். தாமதமாக வருகிறவர்கள் மற்றவர்களின் திடீரைக் கெடுக்கிறார்கள்.’

வந்ததும் ஒரு சிவப்புத் துணிப்பையை விரித்துப் பிடித்தாள். “வாட்ச், போன் எல்லாம் இதுல போடுங்க. இன்னிக்கு நமக்கு நேரமே கிடையாது.”

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைக் கழற்றினார். தோலோடு உரித்து எடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். என்னுடையதையும் போட்டேன். மகள் மட்டும் போனைப் பிடித்தபடியே நின்றாள்.

“எனக்கு ஒரு முக்கியமான...”

“அதேதான்! முக்கியமானதைத்தான் முதல்ல விடணும்.”

“சாயங்காலத்துக்குள்ள திரும்ப வேணும்.”

“நாலு மணிக்குக் கையில குடுத்துடறேன். ஓட்டத்தோட போம்மா.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். போன் பைக்குள் விழுந்தது.

இப்போது கோட்டு விஷயம். மாப்பிள்ளை இரண்டு குளிர்க்கோட்டு வாங்கியிருந்தார், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரே நிறம், ஒரே அளவு. கடையில் தேர்ந்தெடுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது அவர் கணக்கு. என் தோள் அவர் தோளில் பாதி. எனக்கு அது கோட்டு இல்லை, கூடாரம். வாசல் ஆணியில் இரண்டும் அருகருகே தொங்கின. நான் ஒன்றை மாட்டிக்கொண்டேன். அவர் மற்றொன்றை மாட்டிக்கொண்டார்.

தெருமுனைக்குப் போவதற்குள் பைக்குள் கைவிட்டேன். பல் செட் இல்லை. நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

மாப்பிள்ளையின் கையெழுத்து. மேலே அடிக்கோடிட்டு ‘சனி – திடீர்’ என்று தலைப்பு.

‘10.40: காரணமில்லாமல் சிரிக்கவும். 11.15: மனைவியின் கையைப் பிடிக்கவும் (இடது). 12.05: முன்பின் தெரியாத கடைக்குள் நுழையவும் (பூட்டுச்சாவிக் கடை, சனிக்கிழமை ஒரு மணி வரை திறந்திருக்கும், விசாரித்தாகிவிட்டது). 1.30: மழையில் நனையவும், மழை இல்லாவிட்டால் நீரூற்று.’

இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எழுபத்தாறு வயது. எத்தனையோ விதமான முட்டாள்தனத்தைப் பார்த்திருக்கிறேன். கட்டம் போட்டு, நேரம் குறித்து, கடை திறந்திருக்குமா என்று விசாரித்து வைத்த முட்டாள்தனத்தை அன்றைக்குத்தான் கையில் பிடித்துப் பார்த்தேன்.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மனிதர் பத்து நாற்பதுக்குச் சிரிப்பார், மகள் அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள், ஐந்து மணிக்கு ‘வரேன்’ என்று செய்தி போகும். கொடுக்காவிட்டால்?

கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதைத்தானே எல்லோரும் கிளம்பித் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தாளை மடித்து உள்பைக்குள் வைத்தேன்.

கண்ணாடியம்மா ஒரு பகடை கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு முனையிலும் உருட்டுவாள். ஒற்றைப்படை விழுந்தால் இடது, இரட்டைப்படை விழுந்தால் வலது. நாலு தடவை இரட்டைப்படை விழுந்ததில் வீட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து நின்றோம்.

“பாத்தீங்களா! எதிர்பார்த்தீங்களா இதை?” என்று கண்ணாடியம்மா பூரித்துப்போனாள்.

“சரிம்மா” என்றார் ஃப்ரிட்ஜ்காரர்.

மாப்பிள்ளைக்கு நிலைகொள்ளவில்லை. வலது பையில் கைவிட்டார், இடது பையில் கைவிட்டார். என் பல் செட் கையில் தட்டுப்பட்டிருக்க வேண்டும், வெடுக்கென்று கையை வெளியே இழுத்தார். முகத்தில் பேயறைந்தது. எதிரே மணிக்கூண்டில் பத்து நாற்பது.

அவர் படும் அவஸ்தையைப் பார்த்து எனக்கே பாவமாகப் போய்விட்டது. அவ்வளவு உழைத்து எழுதியிருக்கிறார், வீணாகலாமா? நானே சிரித்தேன். செருப்புத் தைக்கிற கடை வாசலில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு காரணமும் இல்லாமல்.

“அங்கிள்!” கண்ணாடியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏங்க, பாருங்க அங்கிளை! வகுப்பே இல்லாம எப்படி வருது இவருக்கு!”

“சரிம்மா.”

மாப்பிள்ளை என் பக்கத்தில் நகர்ந்து வந்தார். “மாமா.”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“உங்க கோட்டு... கொஞ்சம் தொளதொளன்னு இல்ல?”

“இல்லையே, கச்சிதமா இருக்கு.”

“மாத்திக்கலாமே மாமா?”

“எனக்குக் குளிருது மாப்பிள்ளை.”

கடைத்தெருவில் கடிகாரத்துக்கா பஞ்சம்? பதினொன்றேகாலுக்கு அடுத்த கட்டம். எனக்கு மனைவி இல்லை, போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். தாளில் எழுதியிருந்தது அவருடைய மனைவி. அதனால் அவருடைய மனைவியின் இடது கையைப் பிடித்தேன். மகள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“என்னப்பா?”

“ஒண்ணும் இல்ல. சும்மா.”

அவள் கை சொரசொரவென்று இருந்தது. எல்லாம் அந்தச் சாந்தும் மெழுகும் செய்கிற வேலை. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன காலத்துக்குப் பிறகு நான் அந்தக் கையைப் பிடித்ததில்லை. இரண்டு முனை தாண்டும்வரை அவளும் விடவில்லை. பின்னால் மாப்பிள்ளை எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு வந்து ஒரு குப்பைத்தொட்டியில் மோதிக்கொண்டார்.

பன்னிரண்டு ஐந்துக்குப் பூட்டுச்சாவிக் கடைக்குள் திடீரென்று நுழைந்தேன். இந்த ஊர் பாஷையில் எனக்குப் பதினொரு வார்த்தை தெரியும், அதில் நாலு மன்னிப்பு. மகள்தான் இடையில் நின்று சொன்னாள்.

“எந்தப் பூட்டுக்குச் சாவி வேணும்னு கேக்கறார்ப்பா.”

“இன்னும் முடிவு பண்ணலன்னு சொல்லு.”

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு பழைய சாவியை எடுத்துத் துடைத்து, சும்மாவே கொடுத்துவிட்டார். அதை அந்தத் தெருவில் பதினேழு வீட்டுக் கதவில் போட்டுப் பார்த்தேன். பதினெட்டாவது வீடு திறந்தது. மன்னிப்பு நாலும் அங்கே செலவாயின.

மழை வரவில்லை. ஒன்றரைக்கு நீரூற்றடியில் போய் நின்றேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நான் வெளியே வந்தபோது கண்ணாடியம்மா என் காலில் விழாத குறை. “நாங்க ஆறு வாரம் படிச்சும் மண்டையில ஏறல அங்கிள். நீங்க அந்தந்த நொடியில வாழறீங்க!”

அந்தந்த நொடியில்தான் வாழ்ந்தேன். எந்த நொடி என்றுதான் எழுதியே கொடுத்திருந்தார்களே.

மகளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். “அப்பா, இன்னிக்கு ஏன் மணியடிச்ச மாதிரி ஒவ்வொண்ணா செய்யறே?”

“வயசாச்சும்மா.”

“இவர் ஏன் உன்னையே முறைச்சுட்டு வரார்?”

“பாசம்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். காலையிலிருந்து அந்த மனிதர் சிரிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை, நனையவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி தொங்கிய முகத்தோடு நடந்ததுதான் அவர் செய்த ஒரே காரியம். தாள் இருந்தால் பொய்யாகவாவது ஏதாவது செய்திருப்பார். அதுவும் இல்லாமல் பண்ணிவிட்டேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் உள்ளுக்குள் ‘வரேன்’ என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள் என்பது அவளைப் பெற்றவனுக்குத் தெரியாதா?

அந்த ஒரு நிமிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று உள்பை வரை கையைக் கொண்டுபோனேன். அதை நான் எழுதியிருக்க வேண்டியதில்லை. சத்தியம் செய்துவிட்டதால் எழுதுகிறேன்.

மூன்று ஐம்பதுக்குப் பகடையில் நாலு விழுந்தது. “வர்ற முதல் பஸ்ல ஏறிடலாம்!” என்றாள் கண்ணாடியம்மா. வந்தது பதினேழாம் எண். ஏறினோம். பூங்கா வாசலில் பகடையில் ஒன்று விழுந்தது. இறங்கினோம். பூங்காவுக்குள் ஒரு மேடு, மேட்டின் மேல் ஒரு பெஞ்சு. மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்தோம்.

“மணி நாலு ஆகியிருக்கும். என் போன் குடுங்க” என்றாள் மகள்.

கண்ணாடியம்மா தோளைத் தடவினாள். மடியைத் தடவினாள். புருஷனைத் தடவினாள்.

“பஸ்லயே வெச்சுட்டேன் போலிருக்கு.”

மகளின் முகத்துக்கு அந்தப் பதினாறில் எந்த வெள்ளையும் பொருந்தவில்லை.

“போனாப் போகட்டும் விடும்மா, இதுவும் ஒரு அனுபவம்தான்” என்று ஆரம்பித்த கண்ணாடியம்மா, பாதியில் நிறுத்தினாள். “ஐயையோ! என் போனும் அதுலதானே இருக்கு! ஏங்க, மரம் மாதிரி நிக்கறீங்களே, ஓடுங்களேன்!”

“சரிம்மா” என்று ஃப்ரிட்ஜ்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

“அஞ்சு மணிக்குள்ள...” என்றாள் மகள். நகத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். “நம்பர்கூட அதுலதான் இருக்கு. எனக்கு மனப்பாடம் இல்ல.”

மாப்பிள்ளை பைக்குள் கைவிட்டார். தாள் இல்லை. இருந்தாலும் தாளில் இதற்குக் கட்டம் இல்லை. வெறுங்கையை வெளியே எடுத்து அதையே பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

“பதினேழு. ஆஸ்பத்திரி சுத்தி, ஸ்கூல் சுத்தி, கடைசி நிறுத்தத்துக்கு நாலு இருபத்திரண்டு. அங்க டிரைவர் ஏழு நிமிஷம் நிப்பார். அப்புறம் முப்பதாம் நம்பரா மாறி ஊருக்கு வெளிய போயிடும். ராத்திரிதான் திரும்பும்.”

“இப்ப மணி என்ன?” என்றேன்.

கீழே தெருவில் ஒன்பதாம் எண் பஸ் வளைந்தது. “நாலு பதினெட்டு” என்றார், அதைப் பார்த்தபடியே.

“ரோடு வழியா அரைமணி ஆகுமே மாப்பிள்ளை.”

ஆளைக் காணோம்.

நான் பார்த்திருக்க முடியாது என்பீர்கள். மேட்டிலிருந்து எல்லாம் தெரியும். புரை எடுத்த கண். மனிதர் பூங்காவின் புல்வெளியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஓடினார். ‘புல்லில் நடக்கக் கூடாது’ என்ற பலகையைத் தாண்டி ஓடினார். சாலை கடக்கும் இடத்தில் பச்சை மனிதன் வரும்வரை நடுநிசியில்கூட நிற்பவர், சிவப்பில் கடந்தார். யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்குள் புகுந்து, கொடியில் காய்ந்த படுக்கைவிரிப்பைத் தலையில் மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். என் உயரத்துக்கு ஒரு வேலி. தாண்டினார். துரத்திய நாய் வேலி வரை வந்து, மரியாதையாக உட்கார்ந்துவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் பதினேழாம் எண் பஸ் நின்றிருந்தது. ஓட்டுநர் அந்த ஏழு நிமிடத்தில் ஆறாவது நிமிடத்தை அனுபவித்துக்கொண்டிருந்தார். போன வருடம் கம்பெனியில் அதை நாலாகக் குறைக்கச் சொன்னார்களாம். மாப்பிள்ளை முடியாது என்று சொல்லிவிட்டாராம். எப்போதோ சாப்பாட்டு மேசையில் அவர் அதைச் சொன்னபோது நான் கொட்டாவி விட்டது நினைவிருக்கிறது.

அவர் ஏறிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கியதும் பஸ் முப்பதாக மாறிக் கிளம்பிவிட்டது. எங்கள் பக்கம் வரும் பஸ் அடுத்த அரைமணிக்குக் கிடையாது. வந்த வழியே திரும்ப ஓடிவந்தார்.

“என்னப்பா ஆச்சு இவருக்கு?” மகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். “யோசிக்காம ஓடறாரே!”

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்திருக்கிறேன்.

மேடேறி வந்தபோது மாப்பிள்ளைக்கு ஒரு காலில் ஷூ இல்லை. என் கோட்டின் முதுகு இரண்டாகக் கிழிந்திருந்தது. தோளில் யாருடைய விரிப்போ தொங்கியது. கையில் சிவப்புப் பை.

கண்ணாடியம்மா பாய்ந்து வந்தாள். அவளைத் தாண்டிப் போய் மகளின் போனை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“நாலு அம்பத்தி ரெண்டு. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. பதில் அனுப்பு.”

மகள் அப்படியே நின்றாள். “என்ன பதில்? உங்களுக்கு யார் சொன்னது? அப்பா!”

“என்னைப் பாக்காதே” என்றேன்.

“யாரும் சொல்லல” என்றார் மாப்பிள்ளை, மூச்சு வாங்கிக்கொண்டே. “காலண்டர்ல அஞ்சு மணிக்கு ஒரு புள்ளி இருந்தது. பென்சில் புள்ளி. நான் வெக்காத புள்ளி. என்னன்னு தெரியல. ஆனா செவ்வாய்க்கிழமையிலேருந்து நீ அதைப் பாக்கற போதெல்லாம் நகத்தைச் சுரண்டற. பெரிய விஷயம்னு புரிஞ்சது. இப்ப நம்பர்னு நீ சொன்னதும் ஏதோ பதில் போகணும்னு தெரிஞ்சது.”

“கேட்டிருக்கலாமே.”

“கேக்கணும்னுதான்... எழுதி வெச்சிருந்தேன்.” என்னைப் பார்த்தார்.

நான் மெல்ல முதுகைத் திருப்பிக்கொண்டு உள்பையிலிருந்து தாளை எடுத்தேன். நாலு மணிக்குக் கீழே நான் படித்திருக்கவில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: ‘4.55: புள்ளி என்ன என்று கேட்கவும். அவள் என்ன சொன்னாலும்,’

அவ்வளவுதான். கால்புள்ளிக்கு அப்புறம் தாள் வெறுமையாக இருந்தது. எத்தனையோ தடவை எழுதி அழித்த இடத்தில் தாள் தேய்ந்து, வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது.

எனக்கு என் மேலேயே கொஞ்சம் இளக்காரம் வந்தது. அது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். ஈரக் கோட்டின் குளிர் என்று வைத்துக்கொண்டேன்.

மகள் சொல்லிவிட்டாள். வேலை, நகரம், நாலு மணி நேர ரயில், மஞ்சள் கட்டம், தனியாகப் போகிற எண்ணம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். ஃப்ரிட்ஜ்காரர் மனைவியின் கையைப் பிடித்து, “வா, கொஞ்சம் தள்ளி நிக்கலாம்” என்றார். ‘சரிம்மா’ தவிர அவர் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம். அந்த அம்மாள் வாயடைத்துப்போய்ப் பின்னால் நடந்தாள்.

“நீங்க ஒரு தடவையாவது யோசிக்காம ஏதாவது செஞ்சா போகமாட்டேன்னு நினைச்சேன்” என்றாள் மகள். “இப்ப செஞ்சுட்டீங்க. இப்ப எனக்குக் குழப்பமா இருக்கு. அந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்களே சொல்லுங்க. நான் என்ன அனுப்பட்டும்?”

பழக்கதோஷம். மாப்பிள்ளையின் கை தானாகப் பைக்குள் போனது. இருந்ததை எடுத்தது. அவர் உள்ளங்கையில் என் மேல்வரிசைப் பல் செட், மாலை வெயிலில் பளபளவென்று எல்லோரையும் பார்த்து இளித்தது.

மகள் அதைப் பார்த்தாள். அவளே செதுக்கிய பல். முதலில் மூக்கு விடைத்தது. அப்புறம் சிரித்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, நான் பத்து நாற்பதுக்குச் சிரித்தது எவ்வளவு கேவலமான சிரிப்பு என்று எனக்கே உறைக்கிற மாதிரி சிரித்தாள். மாப்பிள்ளை பல் செட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவரும் சிரித்தார். நான் வந்த நாலு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எந்தக் கட்டத்திலும் அது இல்லை.

மகளின் போனில் நாலு ஐம்பத்தெட்டு.

“சொல்லுங்க” என்றாள் மகள். கட்டைவிரல் போனின் மேல் காத்திருந்தது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். பையைத் தொடவில்லை. வானத்தைப் பார்க்கவில்லை, பஸ்ஸைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து வாயைத் திறந்தார்.

இதை எழுதி முடிக்கும்போது மணி இரண்டே முக்கால், கிழமை வெள்ளி. சனிக்கிழமை நாளைக்குத்தான்.